டால் செம்மறி வேட்டை: துப்பாக்கி கையில் இருந்தும் என்ன கஷ்டம்?

ஒருவர் கேட்டிருந்தார்: "அலாஸ்காவில் டால் செம்மறி வேட்டைதான் வட அமெரிக்காவின் மிகக் கடினமான வேட்டைகளில் ஒன்று என்கிறார்கள். முந்நூறு மீட்டருக்குத் துல்லியமாகச் சுடும் துப்பாக்கியும் நல்ல பைனாகுலரும் இருக்கும்போது ஒரு ஆட்டை அடிப்பதில் அப்படி என்ன கஷ்டம்? இந்தியாவிலிருந்து வருகிற ஒருவர் போக முடியுமா?"

அடிப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பத்து நாள் பயணத்தில் அது ஒரு நொடி வேலை. நான் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்குக் குடிவந்து பதினைந்து வருடம் ஆகிறது. செம்மறிக்கென்று ஐந்து முறை மலைக்குப் போயிருக்கிறேன். முதல் முறை வெறும் சுமைக்காரனாக. மீதி நான்கில் நான் விசையை அழுத்தியது ஒரே ஒரு தடவை. மற்ற மூன்று தடவையும் கிடாவே கண்ணில் படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இரண்டு தடவை எதிரே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொம்பு போதவில்லை, அல்லது போதுமா என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டோம். இந்த வேட்டை ஏன் ஆளைப் படுத்துகிறது என்பதற்கு என்னிடம் உள்ள பதில் பெரும்பாலும் இதுதான். மழையும் மலையும் சுமையும் அடுத்த கதை.

முதலில் விலங்கு எது என்று தெளிவாகிவிடட்டும். தமிழில் மலை ஆடு என்றதும் நமக்கு வரையாடு ஞாபகத்துக்கு வரும். அது வேறு. அலாஸ்காவிலேயே மவுண்டன் கோட் என்று ஒன்று உண்டு, கறுப்பாகக் குத்துக்கொம்பு வைத்தது, அதுவும் வேறு. டால் என்பது காட்டுச் செம்மறி. உடம்பு முழுக்க வெள்ளை. கிடாவுக்குத் தேன் நிறத்தில், காதைச் சுற்றி வளைந்து முன்னே வரும் கொம்பு. பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆனால் மெல்லியது, குட்டையானது. கிடாக்கள் கோடையில் பெட்டைகளோடு சேர்வதில்லை. தங்களுக்குள் ஐந்தாறாகக் கூட்டம் சேர்ந்து தனி மலையில் இருக்கும். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் இணைசேரும் பருவம் வந்தால்தான் இறங்கி வரும். வேட்டைக் காலமோ பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 20 வரை. அதாவது கிடாக்கள் யாரையும் தேடி வராத, உயரத்தில் தின்று கொழுத்துப் படுத்திருக்கிற காலம். நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இனி அந்தக் கொம்பு விவகாரம்.

பொது வேட்டைக்குத் திறந்திருக்கும் இடங்களில் சட்டம் மூன்று வகைக் கிடாவை மட்டுமே அனுமதிக்கிறது. ஒன்று, முழுச் சுருள்: பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டில் ஒரு கொம்பின் நுனியாவது வட்டத்தை முழுக்கச் சுற்றி 360 பாகையைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டு, இரண்டு கொம்பின் நுனியும் உடைந்திருக்க வேண்டும். மூன்று, கொம்பு வளையங்களை எண்ணினால் குறைந்தது 8 வயது இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். ஒன்றும் பொருந்தாமல் சுட்டுவிட்டால் அது குற்றம். நீங்களே போய்ச் சொன்னாலும் கொம்பு கைவிட்டுப் போகும்.

வளையம் எப்படி வருகிறது என்றால், செம்மறிக்குக் கொம்பு உதிர்வதில்லை, வாழ்நாள் முழுக்க வளரும். ஆனால் புல் இருக்கும் மாதங்களில்தான் வளரும், பனிக்காலத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு ஆழமான கோடு விழும். மரத்துக்கு ஆண்டு வளையம் போல. இளம் வயதில் ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே நல்ல இடைவெளி. வயது ஏற ஏற அடிக்கொம்பில் கோடுகள் நெருக்கிக்கொண்டு வரும். நடுநடுவே வளையம் மாதிரியே இருக்கும் வெறும் மடிப்புகளும் உண்டு, முழுவதும் சுற்றி வராதவை. அவற்றை எண்ணிவிட்டால் ஆறு வயதுக் கிடா எட்டு வயதாகிவிடும், உங்கள் கணக்கில் மட்டும்.

கையில் கொம்பை வைத்துக்கொண்டு எண்ணுவதே லேசில்லை. நாம் எண்ணப்போவது நானூறு மீட்டருக்கு அப்பால், மழைத்தூறலில், ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியை, நாற்பது மடங்கு பெரிதாக்கி, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிற ஒரு உயிரின் மேல். வெயில் ஏறினால் கானல் அலையடித்து வளையங்கள் எல்லாம் கரைந்துவிடும். சுருளைப் பார்ப்பதும் அப்படித்தான். கொம்பின் வட்டம் நமக்கு நேர் பக்கவாட்டில் வட்டமாகவே தெரிய வேண்டும். கொஞ்சம் கீழிருந்தோ பின்னாலிருந்தோ பார்த்தால் முக்கால் சுருள் கூட முழுச் சுருளாக ஏமாற்றும். ஆசை வேறு கண்ணுக்குள் உட்கார்ந்து நுனியை இரண்டு விரற்கடை நீட்டிக் காட்டும். நான் மிகைப்படுத்தவில்லை. மூன்றாம் நாளில் தெரியாத நுனி ஒன்பதாம் நாளில் தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். முன்பு முக்கால் சுருள் போதும் என்று இருந்தது. பிறகு எட்டில் ஏழு பங்கு என்றார்கள். 1980-களின் முடிவில்தான் முழுச் சுருள் விதி வந்தது. கிடா முழுச் சுருளை எட்டுவது பொதுவாக ஏழெட்டு வயதில். பன்னிரண்டு வயதைத் தாண்டுகிற கிடா அபூர்வம். ஆக, வேட்டைக்காரன் கையில் விடப்படுவது வாழ்க்கையின் பெரும்பகுதியை வாழ்ந்து முடித்த கிடா. பெரிய கிடாக்கள் கூட்டத்தில் இருந்தால் இளசுகள் இணைசேரும் காலத்தில் ஒதுங்கியிருக்கும், உடம்பைத் தேய்த்துக்கொள்ளாமல் பனிக்காலத்தைத் தாண்டும் என்பதும் உயிரியலாளர்கள் சொன்ன ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். அடால்ஃப் மியூரி என்ற உயிரியலாளர் 1939 முதல் 1941 வரை அன்றைய மெக்கின்லி மலைத் தேசியப் பூங்காவில், அதாவது இன்றைய டெனாலியில், ஓநாய்களை ஆராய்ந்தார். அப்போது மலையெங்கும் கிடந்த செம்மறி மண்டையோடுகளைப் பொறுக்கிச் சேர்த்தார். கொம்பு வளையத்தை வைத்து ஒவ்வொன்றும் எந்த வயதில் செத்தது என்று குறித்தார். 608 மண்டையோடுகளின் அந்தக் கணக்கு பிறகு சூழலியல் பாடங்களில், எந்த வயதில் எத்தனை சாகும் என்று காட்டும் வாழ்நாள் அட்டவணைக்கு உதாரணமாகவே ஆகிவிட்டது. முதல் வயதைத் தாண்டிய செம்மறி நடுவயதில் அதிகம் சாவதில்லை, ஓநாய் பெரும்பாலும் பிடிப்பது குட்டியையும் கிழட்டையும் நோயாளியையும்தான் என்று அதில் தெரிந்தது. அந்தப் பூங்கா உண்டானதே இந்த ஆட்டால்தான். சார்ல்ஸ் ஷெல்டன் என்கிற வேட்டைக்காரர் 1906-இல் டால் செம்மறியைப் பார்க்கப் போனார். 1907–08 பனிக்காலம் முழுவதும் அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார். சந்தைக்குக் கறி விற்பவர்கள் ஆட்டைக் காலி செய்துவிடுவார்கள் என்று பயந்து, வாஷிங்டனில் ஆள் பிடித்துப் பேசி, 1917-இல் பூங்கா அறிவிப்பு வரும்வரை விடவில்லை. வேட்டைக்காரன் கட்டிய பூங்கா என்று இங்கே சொல்வார்கள். அதற்குள் இன்று பொதுவேட்டை கிடையாது.

போய்ச் சேர்வது எப்படி? இரண்டு வழி. காசு இருந்தால் சின்ன விமானம், இல்லாவிட்டால் கால்.

விமானம் என்றால் பைப்பர் சூப்பர் கப் மாதிரி ஒன்று: முன்னால் விமானி ஒருவர், பின்னால் பயணி ஒருவர். பலூன் போலப் பெருத்த டயர்கள். ஆற்று நடுவே சரளைத் திட்டிலோ முகட்டு மேட்டிலோ இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆளையும் மூட்டையையும் தராசில் நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். திரும்பக் கூட்டிப்போகும் நாள் என்று ஒன்று சொல்வார்கள், அதை நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேகம் இறங்கினால் மூன்று நாள் தள்ளும். அந்த மூன்று நாளுக்கான சாப்பாடும் மூட்டையில் இருக்க வேண்டும். விமானத்தில் பறந்த அன்றே வேட்டையாடவும் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான். வேட்டைக் காலத்தில் வானத்திலிருந்து ஆடு தேடுவதற்கும் தடை இருக்கிறது. பணக்காரன் இறக்கை முளைத்துப் பறந்து பார்த்துவிட்டு இறங்குவதை நிறுத்த வந்த விதி அது.

கால் வழி என்றால் டால்டன் நெடுஞ்சாலை. எண்ணெய்க் குழாய் போடுவதற்காக 1974-இல் போட்ட சரளைப் பாதை, 666 கிலோமீட்டர், புரூக்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கே போகிறது. பாதையின் இருபுறமும் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர், வில்லுக்கு மட்டும்தான் அனுமதி. துப்பாக்கி என்றால் 8 கிலோமீட்டரை நடந்து தாண்ட வேண்டும். வரைபடத்தில் 8 கிலோமீட்டர் என்பது காலையில் பல் துலக்கிவிட்டுப் போகிற தூரம். அங்கே எனக்கு அது ஒன்றரை நாள் எடுத்தது. காரணம் டஸ்ஸக். கோரைப்புல் வளர்ந்து வளர்ந்து பானை அளவுக்குக் குமிழ் குமிழாக நிற்கும், நடுவில் முழங்கால் வரை சேறு. குமிழ் மேல் கால் வைத்தால் தலை சாய்த்து உங்களைத் தள்ளிவிடும். இடையில் கால் வைத்தால் பூட்ஸைச் சேறு பிடித்துக்கொள்ளும். முதுகில் 27 கிலோ. கொசு முகத்தைப் போர்த்தியிருக்கும். இரண்டு கிலோமீட்டர் முடிவில் நான் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளை எல்லாம் மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தேன்.

மூட்டையில் என்ன இருக்கும் என்று கேட்பார்கள். கூடாரம், தூக்கப்பை, மழைச்சட்டை, அடுப்பு, நாளைக்கு ஒரு கிலோ கணக்கில் காய்ந்த சாப்பாடு, ஸ்கோப், முக்காலி, துப்பாக்கி, கத்தி. மாற்று உடையில் சாக்ஸ் மட்டும் தாராளம். தூக்கப்பையைத் தவிர வேறு எதில் எடை குறைத்தாலும் நான் மறுப்பு சொல்லமாட்டேன். ஆகஸ்ட்டில் பனி கொட்டுவது அங்கே செய்தியே இல்லை. துப்பாக்கி பற்றி நீங்கள் மணிக்கணக்கில் வாசித்திருப்பீர்கள். நான் ஒரு வரியில் முடிக்கிறேன்: வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் காலத்து .270 வின்செஸ்டர் தோட்டாவுக்கான துப்பாக்கி இன்றும் போதும், லேசாக இருந்தால் சரி.

மலைக்குப் போன பிறகு நாள் எப்படிப் போகும்? உட்கார்ந்து. பள்ளத்தாக்கு முழுவதும் பைனாகுலரால் கட்டம் கட்டமாகத் துழாவுவதுதான் வேலை. வெள்ளை ஆடு பச்சைச் சரிவில் சட்டென்று தெரியும். வெள்ளைப் பாறையும் அப்படியே தெரியும். நகராத பாறைகளை முதல் நாளே மனப்பாடம் செய்துவிட வேண்டும். ஒரே இரவில் பனி விழுந்துவிட்டால் ஆடும் பாறையும் மலையும் ஒரே நிறம், கூடாரத்தில் படுத்துக்கொள்ளலாம்.

கிடாவுக்குக் கண் அபாரம். எதிரி பெரும்பாலும் கீழிருந்து வரும் என்பது அதன் அனுபவம், அதனால் முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிற திண்ணை மாதிரி இடம் பார்த்துப் படுக்கும். ஆகவே நாம் மலையைச் சுற்றிப் பின்பக்கமாக ஏறி மேலிருந்து வர வேண்டும். இதற்குக் காற்றும் துணை நிற்கும். பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலே ஏறும். மேலே இருக்கும் நம் வாடை ஆட்டுக்குப் போகாது. ஆனால் வெயில் முகட்டுக்குப் பின்னால் போன அடுத்த நிமிடம் குளிர்ந்த காற்று கீழே வழிய ஆரம்பிக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை.

அது நான் துப்பாக்கி தூக்கிய முதல் வருடம். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், அறுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற மெக்கானிக், இருபது வருடமாக செம்மறிக்குப் போகிறவர். ஆறு மணி நேரம் சுற்றி ஏறி, கடைசி நூறு மீட்டர் சரளைச் சரிவில் வயிற்றால் ஊர்ந்து, ஒரு பாறை இடுக்கில் போய்ச் சேர்ந்தோம். கீழே நான்கு கிடா. பெரியது நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மூச்சு விடும்போது விலா எழுந்து இறங்குவது தெரிகிறது. ஒரு ஈ காதில் உட்கார, காது மட்டும் வெடுக்கென்று ஆடுகிறது. கொம்பின் வெளிப்பக்கம் பிசின் அப்பியது போல் கறுத்து, நடுவில் ஒரு இடத்தில் செதில் பெயர்ந்திருந்தது. எல்லாம் தெரிகிறது, நுனி மட்டும் தெரியவில்லை. அது முகத்துக்கு அந்தப் பக்கம்.

"தலையைத் திருப்பட்டும்" என்றார்.

திருப்பவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு. என் முழங்கைக்குக் கீழே கூர்க்கல் ஒன்று. எடுத்துப் போடலாம், ஆனால் உருண்டால் சத்தம் வரும். மூன்றாம் மணி நேரத்தில் கிடா எழுந்து சோம்பல் முறித்து, இடத்தை மாற்றி, மறுபடி அதே பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தது. எழுந்த அந்த ஒரு கணத்தில் நான் நுனியைப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே வந்திருந்தது. "முழுச் சுருள்" என்றேன். அவர் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கலாம்" என்றார். "இருக்கலாமா, இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கலாம் என்று சொன்னால் அதற்குச் சுடாதே என்று அர்த்தம்" என்றார். அப்போது பிடரியில் ஜில்லென்று காற்று பட்டது. வெயில் முகட்டுக்குப் பின்னால் போயிருந்தது. நான்கு தலையும் ஒரே நேரத்தில் எங்களைப் பார்த்தன. நேருக்கு நேர். ஓடக்கூட இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக நடந்து பாறை முனையைத் தாண்டிப் போய்விட்டன. போகும்போது பெரியது பக்கவாட்டில் தெரிந்தது. நுனி இரண்டு விரல் குறைவு.

அந்த இரண்டு விரலுக்காக நான் சுட்டிருப்பேன். அவர் இல்லாவிட்டால் கட்டாயம் சுட்டிருப்பேன். கீழே இறங்கும்போது அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கோபம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிடைத்த வருடத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் கிடைத்த பிறகுதான் உடம்புக்கு வேலை. அலாஸ்கா மலைத்தொடரில், இறக்கிவிட்ட சரளைத் திட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே, எட்டாம் நாள். இந்த முறை சுருளில் சந்தேகமே இல்லை, நுனி மூக்கு மட்டத்தைத் தாண்டி வெளியே விரிந்திருந்தது. 260 மீட்டர். சுட்டேன், விழுந்தது. கிட்டே போனதும் முதலில் தெரிந்தது வாசனை, நனைந்த கம்பளி வாசனை. குளம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் கல் மாதிரி கடினம், உள்ளே ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிறது. அந்தப் பாறையில் அது ஏன் வழுக்குவதில்லை, நான் ஏன் வழுக்கிக்கொண்டே இருந்தேன் என்பது புரிந்தது.

அலாஸ்காவில் கறியை விட்டுவிட்டு வரக் கூடாது. தொடை, முன்சப்பை, முதுகு, கழுத்து, நெஞ்சு, விலா எலும்புகளுக்கு இடையே உள்ளது வரை எல்லாம் வெளியே வர வேண்டும். வீணாக்கினால் குறைந்தபட்சத் தண்டனை 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம். கொம்பை முதலில் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. அது கடைசிக் கறிச்சுமையோடுதான் மலையை விட்டு இறங்கலாம். கறியைத் தின்னாமல் கொம்புக்காக மட்டும் வருகிறவனுக்குப் போட்ட கடிவாளம் இது. எனக்கு மிகப் பிடித்த விதியும் இதுதான். டால் செம்மறிக் கறியைச் சாப்பிட்டவர் யாரும் அதை மலையில் விட மனம் கொள்ளமாட்டார். மலைப்புல் தின்ற கறி, கவிச்சியே இராது.

எலும்பு நீக்கினாலும் கறி முப்பது கிலோவை ஒட்டி வரும். தலை, தோல், கொம்பு இன்னொரு பதினைந்து. அதோடு நம் கூடாரமும் சட்டியும். ஒரே சுமையாகத் தூக்கினால் முழங்கால் போய்விடும். இரண்டாகப் பிரித்தால் பத்து கிலோமீட்டர் வழி முப்பது கிலோமீட்டர் ஆகிவிடும்: போய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி போய். நாங்கள் இருவர், பகிர்ந்துகொண்டு ஒரே நடையில் போவது என்று முடிவு செய்தோம். எழுந்து நிற்க முடியாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து நிற்க வைத்தோம். இறங்கும்போது சரளை காலுக்குக் கீழே ஓடும். குதிகாலை ஊன்றிச் சறுக்கி சறுக்கிப் போக வேண்டும். குடலைப் போட்ட இடத்தில் மறுநாள் ஒரு கிரிஸ்லி கரடி நின்றதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்கோப்பில் பார்த்தோம். அதற்குள் கறியை அங்கிருந்து கிளப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று.

கரடியைவிட எனக்குப் பயம் ஆறு. பனியாறு உருகி வரும் தண்ணீர் சாம்பல் நிறம், அடி தெரியாது. வெயில் ஏற ஏற மேலே உருகுவதால் மாலையில் பெருகி, விடியற்காலையில் வடிந்திருக்கும். அதனால் மாலை வந்து சேர்ந்தால் கரையிலேயே படுத்து, காலையில் கடக்க வேண்டும். ஒடுங்கிய இடத்தில் இறங்கக் கூடாது, அகலமாகப் பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடத்தில் இறங்க வேண்டும். மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் கழற்றி எறிவதற்கு. இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு முறை விமானம் போய்விடுமோ என்ற அவசரத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கினேன். இடுப்பு மட்டத்துக்கு வந்ததும் அடிக்கற்கள் உருளும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கடகடவென்று கேட்டது. திரும்பிவிட்டேன். விமானம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

ஊருக்கு வந்த பிறகு 30 நாளுக்குள் கொம்பை மீன்–வனவிலங்குத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். அளந்து, வளையங்களை எண்ணி, கொம்பில் துளை போட்டு எண் பொறித்த உலோக முளையைச் செருகித் தருவார்கள். வளையத்தை எண்ணிய அந்தப் பெண் உதடு அசையாமல் விரலால் தடவித் தடவி எண்ணினார். எனக்குப் பரீட்சை முடிவு மாதிரி இருந்தது. ஒன்பது வயது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அலாஸ்காவில் 12 மாதம் குடியிருந்தவருக்குப் பல பகுதிகளில் வேட்டை உரிமமும் ஹார்வெஸ்ட் டிக்கெட் என்கிற வேட்டைப் பதிவுச் சீட்டும் போதும். சுகாச் மலையின் சில பகுதிகளுக்கும் டோக் பகுதிக்கும் குலுக்கலில் சீட்டு விழ வேண்டும். வெளிமாநில அமெரிக்கர் என்றால் பதிவு பெற்ற வழிகாட்டியோ, அங்கே குடியிருக்கும் நெருங்கிய உறவினரோ கூட வர வேண்டும். உங்களைப் போல் வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு உறவினர் சலுகை கிடையாது, வழிகாட்டி கட்டாயம். மைத்துனன் ஆங்கரேஜில் இருக்கிறான் என்ற கதை செல்லாது. வெளிநாட்டவருக்கு உரிமம் 630 டாலர், செம்மறிச் சீட்டு 1,100 டாலர். அது சில்லறை. வழிகாட்டிக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும், அதுவும் கிடா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். சில வருடம் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

இதைப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்: ஆடு குறைந்துகொண்டு வருகிறது. பனிக்காலத்தில் செம்மறி உயிர் வாழ்வது காற்று பனியைத் துடைத்து எடுத்த முகடுகளில் மிஞ்சியிருக்கும் காய்ந்த புல்லில். நடுக்குளிரில் மழை பெய்து அது உறைந்தால் புல்லின் மேல் கண்ணாடி போட்டது போல் ஆகிவிடும். புல் தெரியும், வாய்க்கு எட்டாது. அண்மைக் காலத்தில் இப்படிச் சில மோசமான பனிக்காலங்கள் வந்து பல மலைகளில் எண்ணிக்கை சரிந்தது. புரூக்ஸ் மலைத்தொடரின் சில கூட்டரசு நிலங்களில் 2022-இல் செம்மறி வேட்டையை மூடினார்கள். வேட்டைக்காரர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிக் கடும் சண்டை நடக்கிறது. கிழட்டுக் கிடாவை மட்டும்தானே எடுக்கிறோம், அதனால் கூட்டம் குறையாது என்பது ஒரு கட்சி. வானிலை அடிக்கும்போது நாமும் ஏன் சேர்ந்து அடிக்க வேண்டும் என்பது மறு கட்சி. நான் பத்து வருடம் முதல் கட்சியில் இருந்தேன். கணக்குப்படி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனாலும் நாற்பது கிடா பார்த்த பள்ளத்தாக்கில் ஏழு நாள் உட்கார்ந்து மூன்று பெட்டையைப் பார்த்துத் திரும்பிய பிறகு நான் உரிமம் எடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. பணம் கட்டும் முன் ஒரு கோடையில் வெறும் ஸ்கோப்போடு வாருங்கள். ஆங்கரேஜிலிருந்து தெற்கே சீவர்ட் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் விண்டி கார்னர் என்று ஒரு வளைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்துப் பாறை. டால் செம்மறி சில நாள் சாலைக்கு மேலேயே வந்து நிற்கும். காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு ஒரு கிடாவைப் பிடியுங்கள். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். சுருள் முழுசா, வயது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரை மணி நேரம் கழித்து அதே கிடாவை வேறு கோணத்தில் பார்த்து மறுபடி எழுதுங்கள். இரண்டு தாளிலும் ஒரே விடை வந்தால் வழிகாட்டிக்குப் போன் செய்யுங்கள்.